பூனை உணவை டப்பாவில் கொட்டாதீர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெங்காயம், சாக்லேட் ஆகாது என்பது புதிதாகப் பூனை வளர்ப்பவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. கெடுதல் என்றே தெரியாமல் செய்யும் தவறுகள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன.

பழையதன் மேல் புதியதைக் கொட்டுவது

உலர் உணவுப் பையை வாங்கி வந்ததும் கத்தரித்து, பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி, பையைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அடியில் போன மாத உணவு இரண்டு கைப்பிடி கிடக்கும். அதன் மேலேயே புதியது விழும். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் வருகிறது. நல்ல உணவைக் காசு கொடுத்து வாங்கி, வீட்டில் வைத்தே கெடுக்கிறோம்.

உலர் உணவுத் துண்டுகளின் மேல் கொழுப்பைத் தெளித்திருப்பார்கள். பூனையை இழுக்கும் மணம் பெரும்பாலும் அதில்தான். காற்றுப் பட்டால் அது சிக்குப் பிடிக்கும், வைட்டமின் ஈ-யும் குறையும். டப்பாச் சுவரில் படிந்த பழைய எண்ணெயின் சிக்கு வாடை புதியதிலும் ஏறும். நம் மூக்குக்கு எட்டாத வாடை பூனைக்கு எட்டிவிடும், முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று வேறு பிராண்டு வாங்கி, அதையும் அதே டப்பாவில் கொட்டுகிறார்கள். கெட்டது டப்பா என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

பையோடு பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் போய்விடுகின்றன. நிறுவனம் ஒரு பேட்சைத் திரும்பப் பெறும்போதும், பூனை வாந்தியெடுத்து மருத்துவர் விசாரிக்கும்போதும் அந்த எண் வேண்டும்.

உணவைப் பையோடு டப்பாவுக்குள் வையுங்கள். ஒவ்வொரு முறையும் பையிலிருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயைச் சுருட்டிக் கிளிப் போடுங்கள். பை தீர்ந்ததும் டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் உலர்த்திய பிறகே அடுத்த பை. வெயில் படாத, 27 டிகிரி செல்சியஸைத் தாண்டாத இடம் நல்லது. ஃப்ரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் துண்டுகளில் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

பெரிய பை

திறந்த பையை 6 வாரத்துக்குள் முடிக்கப் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கும் 4 கிலோ பூனை உலர் உணவு மட்டும் தின்றால் நாளுக்கு 50–60 கிராம் போதும். 2 கிலோ பை ஐந்து வாரம் வரும். 7 கிலோ பை நான்கு மாதம் கிடக்கும். விலை சல்லிசு என்று அதை வாங்கினால் பாதிக்கு மேல் பழையதைத்தான் போடுவீர்கள்.

கப்பால் அளப்பது

தராசில் நிறுங்கள். தினம் 10 கிராம் கூடினாலே ஐந்தில் ஒரு பங்கு அதிகத் தீனி.

ஈர உணவைத் தட்டிலேயே விடுவது

2 மணி நேரம் ஆனால் எடுத்துக் கொட்டிவிடுங்கள். கடும் வெக்கையில் 1 மணி நேரம்தான். டின்னில் மிஞ்சியதை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து 3 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், திறந்த தேதியை மூடியில் எழுதி ஒட்டி. சில்லென்று வைத்தால் மணம் எழாது, பல பூனைகள் தொடாது. கிண்ணத்தைச் சில நிமிடம் வெந்நீரில் நிறுத்தி, உடல் சூட்டுக்கு, அதாவது 38 டிகிரி அளவுக்குக் கொண்டுவந்து கொடுங்கள்.

நாய் உணவு

டாரின் என்ற அமினோ அமிலம் பூனைக்கு வேண்டிய அளவு அதில் இருக்காது. தொடர்ந்து கொடுத்தால் விழித்திரையும் இதயத் தசையும் கெடும்.

"பசித்தால் தானே தின்னும்"

புதிய உணவுக்கு ஒரே நாளில் மாற்றிவிட்டு இப்படிச் சொல்கிறார்கள். மிக ஆபத்தான பிடிவாதம். குண்டுப் பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கு ஆபத்தாகலாம். கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது என்று தொடங்கி, 7 முதல் 10 நாளில் மாற்றுங்கள். 24 மணி நேரம் எதுவுமே தின்னாவிட்டால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.