ஸ்ப்ளிட் ஃபங்ஷனுக்கு விளக்கம் எழுதும்போது

உங்கள் கோட் லைப்ரரியில், ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) துண்டுகளாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட் ஃபங்ஷன் வைத்திருந்தால், அதன் டாக்குமென்டேஷனில் முதல் உதாரணமாகக் காலி ஸ்ட்ரிங்கைப் போடுங்கள். 'அ,ஆ,இ' மூன்றாகப் பிரியும் என்பது யாருக்கும் தெரியும். அதைக் காட்டி என்ன பயன்?

பைத்தானைப் பாருங்கள். காலி ஸ்ட்ரிங்கை, எந்த எழுத்தில் வெட்டுவது என்று சொல்லும் பிரிப்பான் எதுவும் கொடுக்காமல் பிரித்தால் காலி லிஸ்ட் வரும்; நீளம் 0. கமா கொடுத்துப் பிரித்தால் உள்ளே ஒரு காலி ஸ்ட்ரிங் உட்கார்ந்திருக்கும், நீளம் 1. ஒரே ஃபங்ஷன்தான்! இந்த 1 என்னை ஒரு மதியம் முழுக்க அலையவிட்டிருக்கிறது.

ஜாவாவில் வேறு கதை. 'அ,ஆ,,' என்பதைக் கமாவால் பிரித்தால், கடைசியில் உள்ள காலிகளைச் சத்தமில்லாமல் உதறிவிட்டு 2 துண்டுதான் தரும். எவ்வளவு பிரிக்கலாம் என்று சொல்லும் லிமிட்டாக -1 கொடுத்தால் 4.

அந்த லிமிட்டுக்கும் தெளிவான உதாரணம் வேண்டும். 2 என்றால் பைத்தானில் இரண்டு வெட்டு, அதாவது 3 துண்டு வரை. ஜாவாவில் 2 துண்டு, மிச்சமெல்லாம் இரண்டாவதில். ஜாவாஸ்கிரிப்டிலும் 2 துண்டுதான், ஆனால் மிச்சம் குப்பைக்கு.

அப்புறம், பிரிப்பானே காலியாக இருந்தால்? பைத்தான் வேல்யூ எரர் என்று கத்தும். ஜாவாஸ்கிரிப்டோ 'தமிழ்' என்பதை 5 துண்டாக்கி, புள்ளியைக்கூடத் தனியே கழற்றி வைத்துவிடும்.