துரத்தலும் கைதும் கண்ணெதிரே நடந்தால்: சாட்சியாக நிற்பவர் செய்ய வேண்டியவை

பின்னால் சைரன் கேட்டதும் பலரும் பதறிப்போய் நடுச்சாலையிலேயே பிரேக்கை மிதித்துவிடுகிறார்கள். மிகவும் ஆபத்தான செயல் அதுதான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 28 மீட்டர் கடக்கும். உங்களைக் கண்டு அந்த ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆனால்கூட, வேகம் குறையத் தொடங்கும் முன்பே 42 மீட்டர் ஓடியிருக்கும். இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டுங்கள், வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள், சந்திப்பையும் வளைவையும் தாண்டி நிறுத்துங்கள். ஒரு போலீஸ் வண்டி கடந்ததும் கிளம்ப வேண்டாம். பின்னால் இன்னும் ஒன்றிரண்டு வரக்கூடும்.

நடந்து போகிறவர்கள் சுவர் அல்லது கனமான தூணுக்குப் பின்னால் ஒதுங்குவது நல்லது. நிறுத்தியிருக்கும் காருக்குப் பின்னால் ஒளிவது பாதுகாப்பில்லை. மோதினால் அந்தக் காரே நம் மேல் வந்து விழும். கட்டுப்பாடு இழந்த வண்டி பெரும்பாலும் வளைவின் வெளிப்பக்கமாகச் சறுக்கும் என்பதால் அங்கே நிற்காதீர்கள். டயரைக் குத்துவதற்காகப் போலீசார் சாலையில் விரிக்கும் ஆணிப்பட்டையில் ஏறி டயர் இறங்கிவிட்டது என்பதற்காகச் சாலைக்கு வந்துவிடவும் கூடாது. அந்த ஆணிகள் உள்ளே குழலாக இருக்கும். காற்றை மெதுவாக வெளியேற்றுவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். வண்டி இன்னும் சிறிது தூரம் ஓடும். உங்கள் வாகனத்தில் பின்தொடர்வது எந்தச் சூழலிலும் வேண்டாம்.

பேசுவதற்கு முன் எழுதுங்கள்

ஆபத்து நீங்கியதும் அக்கம்பக்கத்தார் கூடி ஆளுக்கொன்று சொல்லத் தொடங்குவார்கள். அந்தப் பேச்சில் கலக்கும் முன் பார்த்ததை எழுதிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் பின்பற்ற முடியுமென்றால் இதையே பின்பற்றுங்கள். ஃபியோனா கேபர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒரே சம்பவத்தை வெவ்வேறு கோணங்களில் எடுத்த வீடியோக்களை ஆளுக்கொன்றாகக் காட்டினார்கள். பிறகு தங்களுக்குள் பேசிக்கொண்டவர்களில் 71 சதவீதம் பேர், தங்கள் வீடியோவில் இல்லவே இல்லாத, மற்றவர் சொல்லிக் கேட்ட ஒன்றையாவது தாங்கள் பார்த்ததாகச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்டது நினைவில் பார்த்ததாகவே பதிந்துவிட்டது. நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை வரும்போது இப்படிக் கலந்த நினைவுதான் உண்மையான சாட்சியையும் சேர்த்துக் கவிழ்க்கிறது.

தாளிலோ போனிலோ எழுதலாம். கை நடுங்கினால் குரல் பதிவு செய்யுங்கள். முதலில் தேதி, நேரம், நீங்கள் நின்ற இடம், எவ்வளவு தூரம், வெளிச்சம் எப்படி, நடுவில் மரமோ வண்டியோ மறைத்ததா, கண்ணாடி அணிந்திருந்தீர்களா என்று குறியுங்கள். நேரம் உறுதியில்லை என்றால் அவசர எண்ணுக்கு நீங்கள் அழைத்த நேரம் போனில் பதிவாகியிருக்கும். அதிலிருந்து முன்னும் பின்னும் கணக்கிடலாம். சிறு வரைபடம் ஒன்று போட்டு, வண்டி எங்கிருந்து எங்கே போனது என்று அம்புக்குறி இடுங்கள். பிறகு நடந்ததை வரிசையாக எழுதுங்கள். நீங்களே பார்த்தது, காதால் கேட்டது, பிறர் சொன்னது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது.

வண்டி எண்ணைப் பார்த்த நொடியே வாய்விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள். பாதி எண் கிடைத்தாலும் பயன் உண்டு. எட்டும் 'பி' (B) எழுத்தும், சுழியமும் 'ஓ' (O), 'டி' (D) எழுத்துகளும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும். சந்தேகம் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். நம்பர் பிளேட் போலியாக இருக்கலாம் என்பதால் நசுங்கிய கதவு, உடைந்த பின்விளக்கு, ஸ்டிக்கர், கூரைக் கம்பி, வேறுபட்ட வீல்கப் போன்றவை எண்ணைவிட அதிகம் உதவும். மஞ்சள் தெருவிளக்கில் நிறம் மாறித் தெரியும். 'சிவப்பு' என்று எழுதாமல், 'மஞ்சள் வெளிச்சத்தில் அடர் நிறமாகத் தெரிந்தது' என்று எழுதுங்கள். வேகத்தை எண்ணாகச் சொல்ல முயல வேண்டாம். எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை எப்படிப் போனது என்று சொன்னால் கேமராப் பதிவை வைத்துப் போலீசாரே கணக்கிட்டுக்கொள்வார்கள்.

ஆளைப் பற்றி எழுதும்போது உயரத்தைக் கதவோடும் வண்டியின் கூரையோடும் ஒப்பிடுங்கள். தப்பி ஓடுகிறவர் மேல்சட்டையைக் கழற்றி எறியலாம். காலணியை மாற்ற நேரம் கிடைக்காது. அதனால் காலணியைக் கட்டாயம் குறியுங்கள். ஆயுதம் இருந்திருந்தால் கண் அதன் மேலேயே நிற்கும், முகம் சரியாகப் பதியாது. முகம் தெளிவாக நினைவில்லை என்றால் அதையும் எழுதிவையுங்கள். நேர்மையான சாட்சியின் இலக்கணம் அதுதான்.

கேமராப் பதிவு

கைதைப் படமெடுப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். எங்கேயானாலும் தள்ளி நில்லுங்கள், விலகச் சொன்னால் விலகுங்கள், போனைக் குறுக்காகப் பிடித்து இடைவெளி விடாமல் எடுங்கள். அசல் கோப்பை வெட்டவோ திருத்தவோ கூடாது. வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரம் சுருங்கி, கோப்போடு வந்த தேதி, நேர விவரமும் போய்விடும். கேபிள் வழியாக நகல் எடுங்கள், அல்லது டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

காரின் முன்கண்ணாடியில் பொருத்தும் கேமராவான டேஷ்கேம், ஒன்று முதல் ஐந்து நிமிடத் துண்டுகளாகப் பதிந்து, கார்டு நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதும். அதிர்ச்சி உணரியால் அழியாதபடி பூட்டப்படும் துண்டு மட்டுமே தானாகத் தப்பும். துரத்தல் உங்களைக் கடந்து போயிருந்தால் உங்கள் வண்டி குலுங்கியிருக்காது, எதுவும் பூட்டப்பட்டிருக்காது. உடனே லாக் பொத்தானை அழுத்துங்கள். வண்டியை நிறுத்தியதும் கேமராவை அணைத்துவிட்டுக் கார்டைக் கழற்றிவிடுங்கள்.

வீட்டு, கடை சிசிடிவியிலும் இதே கதைதான். ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் டிவிஆர் எனப்படும் பதிவுப் பெட்டி பழையதை அழித்துவிடும். சில இடங்களில் ஒரு வாரம்கூடத் தாங்காது. முதலில் டிவிஆர் திரையில் ஓடும் கடிகாரத்தையும் உங்கள் போன் கடிகாரத்தையும் ஒரே படத்தில் வருமாறு எடுங்கள். டிவிஆர் நேரம் பல நிமிடம் பிசகியிருப்பது மிகச் சாதாரணம். தவறு என்று தெரிந்தாலும் நகல் எடுத்து முடியும்வரை அதைச் சரிசெய்யாதீர்கள். சரிசெய்தால் எந்தப் பதிவு எந்த நேரக் கணக்கில் வந்தது என்று குழம்பிவிடும். பல டிவிஆர்கள் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பெண்டிரைவை மட்டுமே ஏற்கும். அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் பதிவு பல துண்டுகளாக வந்தால் பயப்பட வேண்டாம். சம்பவத்துக்கு அரை மணி முன்னும் பின்னும் சேர்த்து எல்லாக் கேமராக்களிலிருந்தும் எடுங்கள். வண்டி முன்பே அந்தத் தெருவை நோட்டம் விட்டிருக்கலாம். டிவிஆரின் சொந்த வடிவிலும், அதற்கான பிளேயரோடும், நகல் வேண்டும். வேறொரு கணினியில் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே திருப்தி அடையுங்கள். மின் இணைப்பை வெடுக்கென்று பிடுங்கினால் கடைசிக் கோப்பு கெட்டுப்போகலாம். யார், எப்போது நகல் எடுத்தார், யாரிடம் கொடுத்தார் என்பதை எழுதி, பெற்றவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

தெரு வாட்ஸ்அப் குழுவில் என்ன போடலாம்

பிடிபட்டவரின் முகத்தையோ பெயரையோ போடாதீர்கள். கைது என்பது தீர்ப்பு அல்ல. அதோடு, அந்தப் படத்தைப் பார்த்துவிட்ட சாட்சி, சந்தேக நபரைப் பிறரோடு வரிசையில் நிறுத்திக் காட்டும் அடையாள அணிவகுப்புக்கு வரும்போது, தெருவில் கண்ட முகத்தையா, போனில் கண்ட முகத்தையா அடையாளம் காட்டுகிறார் என்று அவருக்கே தெரியாது. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் சம்பந்தமே இல்லாதவர்களைக் குற்றவாளிகளாகச் சுட்டிக் காட்டினார்கள். அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டை எந்த மன்னிப்பும் சரிசெய்யவில்லை. இந்த அளவு போதும்:

"இன்று மாலை 6.40 முதல் 7.10 வரை இந்தச் சாலையைப் பார்க்கும் கேமரா வைத்திருப்பவர்கள் பதிவை அழியாமல் காக்கவும். பார்த்தவர்கள் நேரடியாகக் காவல் நிலையத்தில் தெரிவிக்கவும். படம், பெயர் இங்கே வேண்டாம்."

கூட்டம் ஒருவரைப் பிடித்துவிட்டால் அடிக்க விடாதீர்கள். அது குற்றம் என்பது ஒருபுறம். அந்தக் காயங்கள் எப்படி வந்தன என்ற கேள்வியே பின்னர் வழக்கை விழுங்கிவிடும்.

அடையாளம் காட்ட அழைத்தால்

யார் சந்தேக நபர் என்று தெரியாத அதிகாரி நடத்தும் அணிவகுப்புதான் நம்பத்தக்கது. தெரிந்தவர் நடத்தினால் அவருடைய பார்வையும் தயக்கமும் தானாகவே குறிப்பு கொடுத்துவிடும். நீங்கள் பார்த்த ஆள் வரிசையில் இல்லாமலும் இருக்கலாம்; 'இல்லை' என்பதும் முழுமையான பதில். யாரையாவது காட்டினால் எவ்வளவு உறுதி என்பதை அந்த இடத்திலேயே உங்கள் சொற்களில் சொல்லி எழுதச் சொல்லுங்கள். 'சரியான ஆளைக் காட்டினீர்கள்' என்று யாராவது பாராட்டினால், முதலில் பாதி மனதோடு சொன்னவர்கூடப் பிறகு முழு உறுதியோடு பேசுவார் என்பதை 1998இல் வெல்ஸும் பிராட்ஃபீல்டும் சோதித்துக் காட்டினார்கள். ஆகவே நீங்கள் காட்டியது சரியா என்று கேட்காதீர்கள்.

பின்னர் ஏதாவது நினைவுக்கு வந்தால் முதல் தாளில் ஒரு எழுத்தையும் திருத்தாமல், புதிய தாளில் அன்றைய தேதி, நேரத்தோடு எழுதி, அன்றே விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள்.