அப்பாவோட ஸ்டோமா பேக் தினமும் லீக் ஆச்சு, காரணம் நாங்கதான்

அப்பாக்கு 72 வயசு, மலக்குடல்ல கேன்சர். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு, மலம் வெளிய வர வயித்துல ஒரு வாய் (அதான் ஸ்டோமா) வெச்சு, அது மேல பேக் மாட்டி அனுப்புனாங்க. வீட்டுக்கு வந்து மூணாவது வாரத்துலேர்ந்து தினமும் லீக், நடுராத்திரி வேட்டி பெட்ஷீட் எல்லாம் நனைஞ்சு மனுஷன் கூனிக்குறுகி உக்காந்திருப்பாரு, "இதுக்கு என்னை அப்படியே விட்டிருக்கலாமேடா"ன்னு ஒருநாள் கேட்டுட்டாரு. நான் பேக் மட்டம்னு திட்டிட்டு இருந்தேன்.

நர்ஸம்மா பாத்ததும் கண்டுபிடிச்சாங்க. ஆபரேஷன் முடிஞ்ச புதுசுல ஸ்டோமா வீங்கி இருக்குமாம், 6-8 வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா சுருங்குமாம், நாங்களோ பேக்க தோல்ல ஒட்டற பிளேட்ல பழைய அளவுலயே ஓட்டை வெட்டிட்டு இருக்கோம். அந்த இடைவெளில மலம் பட்டு தோல் செவந்துபோச்சு, அதப் பாத்து அம்மா பாசத்துல தேங்காயெண்ணெய் தடவியிருக்காங்க. எண்ணெய் மேல எது ஒட்டும் சொல்லுங்க!

அப்புறம் வாரம் ஒருக்கா அளந்து, ஸ்டோமாவ விட 2-3 மில்லிமீட்டர் மட்டும் பெருசா வெட்டுனோம். காலைல சாப்பிடறதுக்கு முன்னாடி, வெறும் தண்ணில தொடச்சு நல்லா காயவிட்டு, பிளேட்ட உள்ளங்கைல சூடு பண்ணி ஒட்டி கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கணும். பேக் மூணுல ஒரு பங்கு நிரம்பினதும் காலி பண்ணிரணும், ராத்திரி அதுக்கு அண்ணனும் நானும் முறை வெச்சு எந்திரிச்சோம். தோல் புண்ணா இருந்தா டாக்டர்கிட்ட காட்டிருங்க.

இப்ப அப்பாவே அம்மாவோட தையல் கத்திரிக்கோல எடுத்து வெட்டிக்கறாரு, எங்கள தொடவே விடறதில்ல.