புக் பண்ணினது ஒண்ணு, வந்து நின்ன கார் வேறயா? டீலர்கிட்ட நியாயம் வாங்கறது எப்படின்னு வரிசையா பார்க்கலாங்க

நம்ம கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் பக்கம் புது கார் எடுக்கறதுன்னா அது வீட்டு விசேஷம்தானுங்க. ஆடி கழியட்டும்னு காத்திருந்து, வளர்பிறை முகூர்த்தம் பார்த்து, அப்புச்சி அம்மிச்சி வரைக்கும் ஒட்டுக்கா கெளம்பி ஷோரூமுக்குப் போயி, துணியை இழுத்து போட்டோ எடுத்து, நேரா பண்ணாரிக்கோ சிவன்மலைக்கோ ஓட்டிட்டுப் போயி பூஜை போட்டுட்டுத்தான் வீட்டுக்கு வருவோம். இந்தக் கூட்டத்துக்கு நடுவுல சேல்ஸ் தம்பி நீட்டுற பேப்பர்ல எல்லாம் கையெழுத்தும் போட்டுருவோம். பொழுதோட நிதானமா உள்ள உக்காந்து பார்க்கும்போதுதான் டாப் வேரியண்ட்ல, அதாவது அதே மாடல்ல வசதி அதிகமா இருக்கற ரகத்துல வர்ற 360 டிகிரி கேமரா இல்ல, பின்சக்கரத்துல டிஸ்க் பிரேக் இல்லன்னு தெரிய வரும்.

இப்படி மாட்டிக்கிட்டு வெசனப்பட்டு உக்காந்திருக்கற சொந்தக்காரங்க, கூட்டாளிங்கன்னு பல பேரைப் பார்த்தாச்சு. சேர்த்து வச்ச காசு, அதுக்கு மேல அஞ்சு வருஷம் ஏழு வருஷம் கட்ட வேண்டிய இஎம்ஐ, இதை "சரி விடு"ன்னு விடக் கூடாதுங்க. முதல் தடவை கார் எடுக்கறவங்களுக்குப் புரியற மாதிரி என்ன பண்ணணும்னு வரிசையா எழுதறேன். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன், இந்த விஷயத்துல நியாயம் நம்ம பக்கம் இருந்தா மட்டும் பத்தாது, அதை எவ்வளவு சீக்கிரம் சொன்னோம், எழுத்துல சொன்னோமாங்கறதுலதான் பாதி கேஸ் முடியுது.

ஸ்டெப் 1: தப்பு எதுல இருக்குன்னு பேப்பரை வச்சுப் பாருங்க

கோபத்தோட ஷோரூமுக்குப் போறதுக்கு முன்னாடி சித்த நேரம் உக்காந்து எல்லாப் பேப்பரையும் எடுத்து வைங்க. புக்கிங் பாரம், கொட்டேஷன், பணம் கட்டின ரசீது, டேக்ஸ் இன்வாய்ஸ், இன்சூரன்ஸ் பாலிசி, பாரம் 21, பாரம் 22, டெலிவரி நோட், அப்பறம் சேல்ஸ் தம்பியோட பேசின வாட்ஸ்அப் சாட். பாரம் 22ங்கறது வண்டி ரோட்டுல ஓடத் தகுதியானதுன்னு கம்பெனி குடுக்கற சர்டிபிகேட். பாரம் 21ங்கறது சேல் சர்டிபிகேட், அதுல சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், எரிபொருள், கலர், எந்த மாசம் எந்த வருஷம் தயாரிச்ச வண்டிங்கறது வரைக்கும் இருக்கும். சேசிஸ் நம்பர் 17 எழுத்து, அதை வண்டில அடிச்சிருக்கறதோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க, போட்டோவும் எடுத்துக்கோங்க.

இப்ப இன்வாய்ஸைப் பாருங்க, இதுதான் முக்கியம். இன்வாய்ஸ்ல டாப் வேரியண்ட் பேரும் விலையும் போட்டுட்டு வண்டி மட்டும் கீழ் வேரியண்ட் வந்திருந்தா அது பச்சையான தப்பு, உங்க கேஸ் ரொம்ப பலம். இன்வாய்ஸ்லயே கீழ் வேரியண்ட்தான், அதுக்கான விலையைத்தான் வாங்கியிருக்காங்கன்னா விலை வித்தியாசம்னு கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, வண்டியை மாத்திக் குடுங்கன்னுதான் கேக்க முடியும், அதுக்கு புக்கிங் பாரம்தான் ஆதாரம். மூணாவது ஒரு வகை இருக்கு, வருஷ நடுவுல கம்பெனியே ஒரு வசதியை எடுத்துட்டிருக்கும். "முன்னறிவிப்பின்றி மாற்றத்துக்கு உட்பட்டது"ன்னு பிரவுச்சர் அடியில பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, டீலர் அதைத்தான் காட்டுவாரு. ஆனா நீங்க புக் பண்ணும்போது ஒண்ணைக் காட்டி வித்துட்டு, பில் போடறப்ப மாறிப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லலைன்னா அதுக்கு அவர் பதில் சொல்லித்தான் ஆகணும். அதனால புக் பண்ணின அன்னைக்கே பிரவுச்சர் பிடிஎஃபை டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க, பின்னாடி வெப்சைட்ல அது மாறிடும்.

ஸ்டெப் 2: நீங்க எந்தக் கட்டத்துல இருக்கீங்க?

பில் போடறதுக்கு முன்னாடியே டீலர் வண்டிகளை நிறுத்தி வச்சிருக்கற யார்டுக்குப் போயி பார்த்து கண்டுபிடிச்சுட்டீங்கன்னா பிரச்சனையே இல்ல, இந்த வண்டி வேண்டாம்னு சொல்லிட்டு வந்துருங்க. லோன்ல எடுக்கறீங்கன்னா பேங்குக்கும் உடனே ஒரு மெயில் போட்டு டீலருக்குப் பணம் ரிலீஸ் பண்றதை நிறுத்தி வைக்கச் சொல்லுங்க.

பில் போட்டாச்சு, ஆனா ஆர்டிஓ பதிவு ஆகலைன்னா அப்பவும் வழி இருக்குங்க. "பில் போட்டாச்சுங்க சார், இனி ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு சொன்னா நம்பாதீங்க, ஜிஎஸ்டில கிரெடிட் நோட், அதாவது போட்ட பில் தொகையைக் கழிக்கற சீட்டு போட்டு பழைய பில்லைச் சரி பண்ணிட்டு சரியான வண்டிக்குப் புது பில் போடலாம்.

டிஎன் 37, டிஎன் 33, டிஎன் 39ன்னு நம்பர் விழுந்துருச்சுன்னா அப்பத்தான் கஷ்டம். ஆயுள் வரி கட்டியாச்சு, ஆர்சி உங்க பேர்ல வந்தாச்சு, டீலர் திருப்பி எடுத்தா அவருக்கு அது செகண்ட்ஸ் வண்டி. மாத்தித் தர சட்டப்படி உத்தரவு வாங்க முடியாதுன்னு சொல்லல, ஆனா டீலரா மனசு வந்து மாத்தித் தர்றது அபூர்வம். அதனாலதான் எல்லாருகிட்டயும் கெஞ்சாத குறையா சொல்றேன், முகூர்த்தத்தை டெலிவரிக்கு வச்சுக்கோங்க, பதிவுக்கு முன்னாடியே ஒரு நாள் யார்டுக்குப் போயி பகல் வெளிச்சத்துல கொட்டேஷனைக் கையில வச்சுக்கிட்டு வண்டியைப் பார்த்துருங்க.

ஸ்டெப் 3: கண்டுபிடிச்ச அன்னைக்கே எழுத்துல சொல்லுங்க

1930ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் இன்னமும் நடைமுறைல இருக்கு. விவரம் சொல்லி வித்த சரக்கு அந்த விவரத்தோட ஒத்துப் போகணும்னு அதுல 15ஆவது பிரிவு சொல்லுது. ஆனா 42ஆவது பிரிவையும் பாருங்க, வேண்டாம்னு சொல்லாம நியாயமான காலத்துக்கு மேல சரக்கை வச்சிருந்தா அதை ஏத்துக்கிட்டதாத்தான் அர்த்தம். அப்பறம் வண்டியை நிராகரிக்கற உரிமை போயி நஷ்ட ஈடு கேக்கறது மட்டும்தான் மிஞ்சும். குடும்பத்தோட ஊட்டி, கொடைக்கானல்னு ஒரு ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து வேண்டாம்னு சொன்னா எடுபடாதுங்க. வண்டியை நிறுத்திட்டு ஓடோமீட்டரை போட்டோ எடுத்துட்டு மெயில் அனுப்புங்க. தமிழ்லயே எழுதலாம், இப்படி:

"நான் இந்தத் தேதியில், இந்த புக்கிங் எண்ணில், இந்த மாடலின் இந்த வேரியண்ட்டை புக் செய்தேன். இந்தத் தேதியில் எனக்குக் கொடுக்கப்பட்ட, இந்த சேசிஸ் எண் கொண்ட வண்டியில் கீழ்க்கண்ட வசதிகள் இல்லை. இது நான் பணம் கட்டிய வண்டி அல்ல. இதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏழு நாளுக்குள் சரியான வண்டியைக் கொடுக்கவோ, எழுத்தில் தீர்வு தெரிவிக்கவோ கேட்டுக்கொள்கிறேன். ஓடோமீட்டர் படமும் பேப்பர் நகல்களும் இணைத்துள்ளேன்."

அவ்வளவுதான், இதுல திட்டு வேண்டாம், கதை வேண்டாம். சேல்ஸ் மேனேஜருக்கு அனுப்பி, ஜெனரல் மேனேஜரையும் கம்பெனியோட கஸ்டமர் கேரையும் காப்பில வைங்க. டீலர் போன்லதான் பேசுவாரு, மெயில்ல பதில் போட மாட்டாரு, அது அவங்க வழக்கம். பேசி முடிச்ச உடனே "இப்ப போன்ல நீங்க சொன்னது இது, நான் சொன்னது இது"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் தட்டி விட்டுருங்க.

ஸ்டெப் 4: உங்களுக்கு என்ன வேணும்னு முதல்ல முடிவு பண்ணிக்கோங்க

வண்டி மாத்தணுமா, விட்டுப்போன சாமானைப் போட்டுக் குடுத்தா போதுமா, காசா வேணுமா? இதை வீட்ல பேசி முடிவு பண்ணாம போனா மேட், சீட் கவர், டெஃப்லான் கோட்டிங்னு ஒரு பார்சலைக் கையில குடுத்து தாட்டி விட்டுருவாங்க.

போட்டுக் குடுக்கறதுல ஒரு விஷயம் கவனிங்க. அலாய் வீல், ரிவர்ஸ் கேமரா மாதிரி கம்பெனியோட ஒரிஜினல் ஆக்சஸரியா கிடைக்கறதை மாட்டலாம். ஏர்பேக், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல், சன்ரூஃப் இதெல்லாம் ஃபேக்டரில வர வேண்டியது. "வெளிய ஆளை விட்டு போட்டுத் தர்றோம்ங்க"ன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, வயரை வெட்டினா வாரண்டி போகும், ஏர்பேக் விஷயத்துல உசுரே போகும்.

காசா வாங்கறதா இருந்தா முழுக் கணக்கும் போடுங்க. ரெண்டு வேரியண்ட்டுக்கும் ஷோரூம் விலை வித்தியாசம் 1,20,000 ரூபாய்னு வைங்க. நம்ம தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து 5ல இருந்து 10 லட்சம் வரைக்கும் உள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம், 10க்கு மேல 20 லட்சம் வரைக்கும் 18 சதவீதம். 18ல போட்டா அந்த வித்தியாசத்துக்கே 21,600 வரி கட்டியிருக்கீங்க. இன்சூரன்ஸும் கூடின விலைக்குத்தான் கட்டியிருப்பீங்க, லோன் இருந்தா வட்டியும் அதுக்குத்தான் ஓடுது. டீலர் 1,20,000 மட்டும் பேசுவாரு, நீங்க மொத்தத்தையும் எழுதிக் காட்டுங்க.

எவ்வளவு கோபம் வந்தாலும் இஎம்ஐயை மட்டும் நிறுத்தாதீங்க. பேங்குக்கும் டீலர் தப்புக்கும் சம்பந்தம் இல்ல, சிபில் ஸ்கோர் அடிபட்டா நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஸ்டெப் 5: நேர்ல பேசறப்ப

சேல்ஸ் தம்பிகிட்ட சத்தம் போட்டு பிரயோஜனம் இல்லைங்க. பெரும்பாலும் இருபத்தஞ்சு வயசுப் பையன், டார்கெட்டுக்கு ஓடறவன், முடிவு எடுக்கற அதிகாரம் அவனுக்குக் கிடையாது. "ஏனுங் தம்பி, உங்களை ஒண்ணும் சொல்லல, மேனேஜரைக் கூப்புடுங்க"ன்னு சொல்லி மேல போங்க. மேனேஜரு "டெலிவரி நோட்ல எல்லாம் சரின்னு கையெழுத்து போட்டிருக்கீங்களேங்க"ன்னுதான் ஆரம்பிப்பாரு. "கையெழுத்து போட்டது வாஸ்தவம்தானுங்க, ஆனா புக்கிங் பாரத்துல நீங்க எழுதிக் குடுத்த வேரியண்ட்டை நம்பித்தான் போட்டேன், அந்த வண்டி இதுதான்னு எழுதிக் குடுங்க, நான் போயிடறேன்"னு கேளுங்க. அப்படி யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க, அதுக்கப்பறம்தான் உண்மையான பேச்சே தொடங்கும்.

இன்னொண்ணு, டெலிவரிக்கு அப்பறம் கம்பெனில இருந்து திருப்தியான்னு கேட்டு ஒரு போன் வரும், "பத்துக்குப் பத்து குடுத்துருங்க அண்ணா"ன்னு சேல்ஸ் தம்பி முன்கூட்டியே சொல்லி வச்சிருப்பான். பிரச்சனை தீராம இருக்கறப்ப அந்த போன்ல நடந்ததை நடந்த மாதிரி சொல்லுங்க, டீலருக்கு அந்த மார்க் ரொம்ப முக்கியம்.

ஸ்டெப் 6: அப்பவும் நகரலைன்னா

1915க்கு போன் போடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம், காசு இல்ல. அவங்களால உத்தரவு போட முடியாது, ஆனா புகார் கம்பெனிக்கே போறதால பல விஷயம் இங்கயே அசையும். இதுலயும் தீரலைன்னா வக்கீல் மூலமாவோ நீங்களாவோ 15 நாள் கெடு வச்சு ஒரு நோட்டீஸ் அனுப்புங்க, அது போய்ச் சேர்ந்த ஆதாரத்தைப் பத்திரமா வைங்க.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், அதாவது வண்டியை அவிநாசி ரோட்டுல எடுத்திருந்தாலும் வீடு நாமக்கல்னா நாமக்கல்லயே போடலாம். குடுத்த தொகை 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையம்தான். கேஸ் போடற கட்டணம், குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா ஒண்ணும் கிடையாது, 10 லட்சம் வரைக்கும் 200 ரூபாய், 20 லட்சம் வரைக்கும் 400, 50 லட்சம் வரைக்கும் 1,000. பிரச்சனை வந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுறணும். வக்கீல் இல்லாம நீங்களே வாதாடலாம், ஆன்லைன்ல இ-ஜாக்ருதி போர்டல்லயும் தாக்கல் பண்ணலாம். வியாபாரி எந்த விதத்துல சொல்லி வித்திருந்தாலும் அந்தத் தரத்துல குறை இருந்தா அது "குறைபாடு"தான்னு இந்தச் சட்டம் சொல்லுது, அதனால வாட்ஸ்அப்ல அனுப்பின வேரியண்ட் லிஸ்டும் உங்களுக்கு ஆயுதம்தான்.

யார் மேல போடறதுங்கறதுல கவனம் வேணும். 2011 மாடல்னு சொல்லி 2009ல தயாரிச்ச வண்டியைக் குடுத்த ஒரு கோவா கேஸ்ல 2021ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு. டீலர் பண்ணினது தெரியாதப்ப தயாரிப்பு கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாதுன்னு சொல்லி கம்பெனியை விடுவிச்சுது, டீலர் மேல இருந்த உத்தரவு அப்படியே நின்னுச்சு. அதனால டீலரை முதல் எதிர்தரப்பா போடுங்க. கம்பெனிக்கு நீங்க அனுப்பின மெயில் எல்லாம் இங்கதான் உதவும், தகவல் தெரிஞ்சும் சும்மா இருந்தாங்கன்னு காட்டலாம்.

நம்ம பக்கம் பனியன் கம்பெனி பேர்லயும் மில்லு பேர்லயும் கார் எடுக்கறவங்க நிறைய, உங்க மேல "வியாபாரத்துக்கு வாங்கினது, இவங்க நுகர்வோரே இல்ல"ன்னு எதிர்தரப்பு சொல்லும். டைரக்டர் சொந்த உபயோகத்துக்கு கம்பெனி வாங்கின காரை அப்படி ஒதுக்க முடியாதுன்னு 2024ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, பயப்படாம போடுங்க.

ஸ்டெப் 7: சமாதானமா முடியறப்ப

இடையில எப்ப வேணும்னாலும் டீலர் இறங்கி வரலாம், வந்தா நல்லதுதான். லெட்டர்பேட்ல சீல், கையெழுத்து, தேதியோட என்ன குடுக்கறாங்க, எத்தனை நாள்லன்னு வாங்குங்க. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ங்கற பேப்பர்ல பணம் அக்கவுண்ட்ல ஏறினதுக்கு அப்பறம்தான் கையெழுத்து, செக் கையில வந்தா அது பாஸ் ஆகற வரைக்கும் பொறுங்க. விலை வித்தியாசம் வாங்கிட்டு அதே வண்டியை வச்சுக்கறீங்கன்னா திருத்தின இன்வாய்ஸைக் கேட்டு வாங்கிட்டு, ஆர்சிலயும் இன்சூரன்ஸ் பாலிசிலயும் உண்மையா இருக்கற வேரியண்ட்தான் இருக்கான்னு பாருங்க. பாலிசில தப்பா இருந்தா இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட எண்டார்ஸ்மெண்ட், அதாவது திருத்தச் சீட்டு போட்டு மாத்திக்கோங்க, இல்லைன்னா நாளைக்கு ஒரு க்ளைம்னு போறப்ப சர்வேயர் அதையே பிடிச்சுக்குவாரு.