ஏர் ரைஃபிள் பெல்லட்டை வீட்டில் எடை பார்த்துப் பிரிக்க: தராசும் மேசையும்

ஏர் ரைஃபிளில் சுடும் சிறு ஈயக்குண்டுதான் பெல்லட். 10 மீட்டர் போட்டிக்கான 4.5 மி.மீ. தட்டைத்தலை பெல்லட் ஏறத்தாழ 0.53 கிராம் இருக்கும். அதில் ஒரு சதவீதம் 0.005 கிராம்தான். நகை எடை பார்க்கும் 0.01 கிராம் தராசுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. 0.001 கிராம் வரை காட்டும் தராசாக வாங்குங்கள். கொள்ளளவு 20 கிராம் போதும். காற்றுத் தடுக்கும் மூடியும் எடைக்கல்லும் கூடவே வர வேண்டும்.

வாங்கியதும் ஒரே பெல்லட்டைப் பத்து முறை எடுத்து எடுத்து வைத்துப் பாருங்கள். 0.002 கிராமுக்கு மேல் முன்பின் காட்டினால் அந்தத் தராசு இந்த வேலைக்கு ஆகாது.

மேசை ஆடக்கூடாது. கனமான கல் பலகையைப் போட்டு, அதன்மேல் தராசை வைத்து ரசமட்டம் பாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், மூச்சுக்காற்று பட்டாலே கடைசி இலக்கம் ஓடும். தராசை ஆன் செய்து கால் மணி நேரம் விட்டு, பிறகு எடைக்கல்லால் சரிபாருங்கள். எடைக்கல்லை இடுக்கியால்தான் தொட வேண்டும், விரல் பிசுக்கும் எடைதான். வறண்ட நாளில் பிளாஸ்டிக் கிண்ணத்தில் நிலைமின்சாரம் ஏறி எண் நிலைக்காது. சிறிய உலோகக் கிண்ணம் நல்லது.

எடை பார்க்கும் முன் கண்ணால் பாருங்கள், இதுதான் முக்கியம். பெல்லட்டின் பின்விளிம்பு காகிதம் போல மெல்லியது. டப்பாவைக் குலுக்கினாலே நசுங்கும். நசுங்கிய பக்கம் ரைஃபிள் குழாயோடு சரியாகப் பொருந்தாது, காற்று ஒருபுறமாகக் கசிந்து பெல்லட்டைத் தள்ளிவிடும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வட்டம் கெட்டதையும் வெள்ளை பூத்ததையும் ஒதுக்குங்கள். எடுக்க பிளாஸ்டிக் இடுக்கி போதும், மெதுவாகப் பிடித்தால்.

முதலில் இருபது பெல்லட் எடை பார்த்தால் நடு எடை பிடிபடும். பிறகு 0.525–0.529, 0.530–0.534 என்று குழிப்பெட்டியில் பிரியுங்கள். இருபதுக்கு ஒருமுறை பூஜ்யம் சரிதானா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் அந்த இருபதையும் மறுபடி எடை போட வேண்டும்.

நல்ல டப்பாவில் பெரும்பாலும் ஒன்றிரண்டு பிரிவுக்குள்ளேயே அடங்கிவிடும். எடை பார்ப்பதன் பலன் விலகி நிற்பவற்றைக் களைவதுதான். குழுவை, அதாவது இலக்கில் துளைகள் விழும் பரப்பை, சுருக்குவது பெரும்பாலும் தலை அளவும் தயாரிப்புத் தொகுதியும். 4.49, 4.50, 4.51 மி.மீ. தலைகளில் எது உங்கள் குழாய்க்கு ஒத்துவரும் என்பதைச் சுட்டுத்தான் அறிய முடியும். சுடுதளத்தில் ரைஃபிளை வைஸில் (அசையாமல் பிடிக்கும் இறுக்கியில்) பூட்டி, அளவு மாற்றும்போதெல்லாம் முதல் சில சுடுகளைக் கணக்கில் சேர்க்காமல், ஒவ்வொன்றிலும் பத்து சுடுங்கள். துளைகளின் வெளியோரத்திலிருந்து வெளியோரம் வரை அளந்து 4.5 மி.மீ. கழித்தால் மையத்திலிருந்து மையம் கிடைக்கும். ரைஃபிளின் காற்றுச் சிலிண்டரில் அழுத்தம் குறைந்த நிலையில் சோதிக்காதீர்கள். வேகம் மாறினால் பெல்லட் மேல் பழி விழும். ஒத்துவந்த தொகுதி எண்ணைக் குறித்துவைத்து, அதே தொகுதியில் கூடுதலாக வாங்கிவிடுங்கள், தீர்ந்தால் அது திரும்பக் கிடைப்பது அரிது.

பெல்லட் ஈயம். இந்த மேசையில் சாப்பாடு, தண்ணீர் வேண்டாம், குழந்தைகளும் வேண்டாம். முடிந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி பறக்கும். கையை சோப்பு போட்டுக் கழுவிய பிறகே முகத்தைத் தொடுங்கள்.