வீடு மாறினால் காரின் காப்புறுதி: கொழும்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் வாடகை கட்டுப்படியாகவில்லை என்று வத்தளைக்கோ கொலன்னாவைக்கோ வீடு மாறும் குடும்பங்கள் எத்தனையோ வேலைகளை ஒழுங்காகச் செய்து முடிக்கின்றன. வங்கிக்கும் பாடசாலைக்கும் புது முகவரி கொடுக்கிறார்கள், கிராம உத்தியோகத்தரிடம் பதிகிறார்கள். காரின் காப்புறுதி மட்டும் பழைய முகவரியிலேயே கிடக்கிறது.

லண்டனில் இருக்கும் சித்தப்பாவிடமோ ஸ்காபரோவில் இருக்கும் மச்சானிடமோ கேட்டால் பயமுறுத்திவிடுவார்கள். அங்கெல்லாம் தபால் குறியீட்டைப் பார்த்துத்தான் கட்டணத்தில் ஒரு பங்கைத் தீர்மானிக்கிறார்கள். திருட்டும் விபத்தும் கூடிய பகுதிக்குப் போனால் அதே காருக்குக் கட்டணம் ஏறும். கொழும்பில் கணக்கு வேறு. காரின் சந்தைப் பெறுமதி, அது எதற்குப் பாவிக்கப்படுகிறது, முன்பு இழப்பீடு கோரியிருக்கிறீர்களா என்பவைதான் இங்கே கட்டணத்தில் பெரும் பங்கைத் தீர்மானிக்கின்றன. ஆகவே முகவரியை மாற்றிக் கொடுத்ததற்காக மட்டும் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கூடாமல் போகலாம். கூடிவிடும் என்ற பயத்தில் மறைப்பது ஒரு தவறு. கட்டணம் ஏறாதென்றால் எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிடுவது அதைவிடப் பரவலான தவறு.

இந்த இரண்டும் வெளியே வருவது விபத்து நடந்த தெருவோரத்தில். காப்புறுதி நிறுவனத்துக்கு அழைப்பு எடுத்ததும் மதிப்பீட்டாளர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார். நொறுங்கிய பம்பரைப் படம் எடுக்கிறார், சாரதி அனுமதிப்பத்திரத்தைப் படம் எடுக்கிறார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்பார்: எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், வண்டியில் இருக்கும் பிள்ளைகள் யாருடையவர்கள்? நீங்கள் சொல்லும் பதில் படிவத்தில் ஏறுகிறது, கீழே உங்கள் கையொப்பமும் ஏறுகிறது. காப்புறுதி எடுத்த நாளில் நீங்கள் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தோடு இந்தப் பதில் பொருந்தவில்லை என்றால் இழப்பீடு தாமதமாகும், குறையும், சில வேளைகளில் மறுக்கப்படும். காப்புறுதிச் சட்டத்தின் அடிப்படையே முழு நம்பிக்கைதான். ஆபத்தின் அளவை மாற்றக்கூடிய விபரத்தை மறைத்தால் ஒப்பந்தத்தையே செல்லாததாக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு.

பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்குக் காரணம் இருக்கிறது. வத்தளைக்குப் போன பிறகும் பிள்ளைகள் பம்பலப்பிட்டியிலேயே படிக்கிறார்கள். காலையில் எப்படியும் கார் போகத்தான் போகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு மாதம் ஒரு தொகை வாங்கினால் பெற்றோல் செலவுக்காவது உதவும் என்று தோன்றுவது இயல்பு. மாலையில் பிக்மியிலோ ஊபரிலோ ஓடுபவர்களும் உண்டு. உழைத்து வாழ நினைப்பதில் குற்றம் இல்லை. ஆனால் கூலிக்கு ஆள் ஏற்றினால் அது தனியார் பாவனை ஆகாது. தனியார் பாவனைக்கு எடுத்த காப்புறுதி அந்தப் பயணத்துக்குக் கைகொடுக்காது. அடிபட்டது அடுத்த வீட்டுப் பிள்ளை என்றால் நிலைமையை எண்ணிப் பாருங்கள். வாடகைப் பாவனைக்கு மாற்றினால் கட்டணம் கூடும்தான். வீடு மாறியதால் வரும் உண்மையான செலவு இதுதான், இதைத் தவிர்க்கக் கூடாது.

அடுத்தது தண்ணீர். 2016 மே மாதத்திலும் 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவெலப் பக்கங்களில் வீடுகளுக்குள்ளேயே வெள்ளம் ஏறியது. அந்தப் பகுதிகளுக்குக் குடிபோகிறவர்கள் வீட்டுக்காரரிடம் கிணறு, மின்மானி எல்லாம் விசாரிக்கிறார்கள், வெள்ளம் எந்த மட்டம் வரை வந்தது என்று கேட்பதில்லை. முழுக் காப்புறுதி என்றால் எல்லாம் அடக்கம் என்ற நம்பிக்கை வேறு. வெள்ளம், புயல் போன்ற இயற்கை அனர்த்தங்களுக்கான பாதுகாப்பைச் சில ஒப்பந்தங்களில் தனியாகக் கேட்டு, தனியாகப் பணம் கட்டித்தான் சேர்க்க வேண்டும். உங்கள் பத்திரத்தில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தொடர்மாடியில் நிலத்தடித் தரிப்பிடம் கொடுத்திருந்தாலும் இதே கவனம் வேண்டும். தண்ணீர் ஏறிய காரை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் இழுபட்டால் உட்பாகங்கள் வளைந்து உடையும். அது உங்கள் செயலால் வந்த சேதம் என்று நிறுவனம் வாதிட இடம் கிடைக்கும்.

வீடு மாறும் மாதத்தில் கையில் காசு இருக்காது. முற்பணம், லொறிக் கூலி, வெள்ளையடிப்பு என்று எல்லாம் ஒன்றாக வரும். அந்த நேரத்தில் காப்புறுதி புதுப்பிக்க வேண்டி வந்தால், காரின் பெறுமதியைக் குறைத்துப் போட்டுக் கட்டணத்தை இறக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். 80 இலட்சம் பெறுமதியான காரை 56 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால் 70 சதவீதம்தான் மூடப்படுகிறது. ஒப்பந்தத்தில் சராசரி விதி, அதாவது குறைத்துப் போட்ட விகிதத்திலேயே இழப்பீடும் குறையும் என்ற விதி இருந்தால், 4 இலட்சம் ரூபாய் திருத்த வேலைக்கு 2 இலட்சத்து 80 ஆயிரம்தான் கணக்கில் வரும். மீதி 1 இலட்சத்து 20 ஆயிரம் உங்கள் கையிலிருந்து போகும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. இடையில் பழைய கார்களின் விலை ஏறியது தெரியாமல் பழைய பெறுமதியையே ஆண்டுதோறும் புதுப்பித்தவர்கள் பலர் இந்தக் கணக்கில் மாட்டினார்கள்.

காரில் ஏற்றிப்போகும் தொலைக்காட்சியும் தையல் இயந்திரமும் காரின் காப்புறுதியில் சேராது. இதைப் பலர் சேரும் என்றே நினைத்திருக்கிறார்கள்.

புது வீட்டு கேற் ஒடுங்கலாக இருந்தால் முதல் வாரங்களிலேயே கதவில் கீறல் விழும். உடனே இழப்பீடு கோர வேண்டாம். கராஜில் விலை கேளுங்கள். இழப்பீடு கோராதவர்களுக்குக் கட்டணத்தில் கிடைக்கும் கழிவான நோ கிளெய்ம் போனஸில் அடுத்த ஆண்டு இழக்கப்போவது எவ்வளவு என்று நிறுவனத்திடம் கேளுங்கள். போனஸ் பெரிதாக இருந்தால் கீறலைச் சொந்தச் செலவில் பூசுவதே இலாபம். வீடு மாறிய கையோடு நிறுவனத்தையும் மாற்ற நினைப்பவர்கள் பழைய நிறுவனத்திடம் போனஸுக்கான கடிதம் வாங்காமல் வெளியேறக் கூடாது. ஆண்டின் நடுவில் விலகினால் மீதி மாதங்களுக்குரிய பணம் முழுதாகத் திரும்பி வரும் என்றும் எண்ணக் கூடாது. பொதுவாக ஒரு பங்கைக் கழித்துத்தான் தருவார்கள். ஒப்பந்தம் முடியும்வரை பொறுத்து மாற்றுவதே பெரும்பாலும் நல்லது.

லீசிங்கில் உள்ள கார் என்றால் லீசிங் கம்பனிக்கும் தனியாக அறிவிக்க வேண்டும். புதுப்பித்தல் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், அங்கே புதிதாகக் குடிவந்தவர் அதை மேசையில் போட்டுவைக்க, காப்புறுதி காலாவதியாகி ஓடும் கார்கள் உண்டு. மற்றவர்களுக்கு நேரும் இழப்பை மட்டும் மூடும் மூன்றாம் தரப்புக் காப்புறுதிகூட இல்லாமல் தெருவில் ஓட்டுவது சட்டப்படி குற்றம்.

காப்புறுதி முகவரிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன் என்பது போதாது. முகவர் நல்லவராக இருக்கலாம், அடுத்த மாதமே வேறு வேலைக்குப் போயும்விடலாம். புதிய முகவரி, இரவில் கார் நிற்கும் இடம், ஓட்டப்போகிறவர்கள், பாவனை ஆகிய நான்கையும் எழுதி நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். மாற்றம் பதியப்பட்டதற்கான இணைப்புத் தாளைக் கேட்டு வாங்கிப் பத்திரத்தோடு வையுங்கள். பிறகு ஒரு நாள் இழப்பீடு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவில் தீர்வு கிடைக்காவிட்டால் முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் போகலாம். அங்கே போகும்போது அந்த மின்னஞ்சலின் பிரதியும் இணைப்புத் தாளும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.