இருப்பதை இல்லாததாக எண்ணிப் பாருங்கள்

கையிலுள்ள நன்மை நாள்தோறும் கண்ணில் படுவதாலேயே கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. லாட்டரியில் பெருந்தொகை வென்றவர்களைப் பற்றி 1978இல் வெளியான ஆய்வொன்றில், அவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை என்பதோடு, நண்பரோடு பேசுவது, காலை உணவு உண்பது போன்ற அன்றாடச் செயல்களில் குறைவான இன்பமே கண்டார்கள் என்பதும் தெரியவந்தது.

ஆகவே, இருப்பதை நினைத்து மகிழுங்கள் என்ற வழக்கமான அறிவுரையைவிட, அந்த நன்மை இல்லாமற்போயிருந்தால் என்று எண்ணிப் பார்ப்பதே அதிகப் பலன் தருகிறது. வாரம் ஒருமுறை, நெருங்கிய ஒருவரை முதன்முதலில் சந்தித்த சூழலை எடுத்துக்கொண்டு, அச்சந்திப்பு எப்படியெல்லாம் நிகழாமலே போயிருக்கலாம் என்பதைத் தாளில் எழுதுங்கள்: வேறொரு வகுப்பில் இடம் கிடைத்திருக்கலாம், அன்று காய்ச்சலில் படுத்திருக்கலாம். நாள்தோறும் எழுத வேண்டாம். அதுவும் பழகிச் சலித்துவிடும்.